இரண்டு சத்தங்களுக்கு நடுவில்

சுலேமாவுக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கக் கிடைத்த முதல் மார்பு அவள் அப்பாவுடையது. அதற்குப் பிறகு பதினெட்டு மாதம் வேறு யாருடைய மார்பும் கிடைக்கவில்லை.

தொற்றுக்காகக் கல்லூரியை மூடியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் எண்பத்திரண்டு பேர். புவெப்லா நகரத்திலும் சுற்றியிருந்த ஊர்களிலும் அவரவர் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் அவர்களை விடவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பாடம் செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்குக் கணினித் திரையில் நடந்தது.

"வீட்டுல யாரையாவது ஒருத்தரப் பிடிச்சு உக்கார வைங்க" என்றார் டாக்டர் இபார்ரா. "அவங்கதான் உங்களுக்கு நார்மல். நூறு தடவ கேளுங்க. நார்மல் காதுல ஏறிட்டா, கெட்டது தானா தெரியும்."

அவர் அதை ஒவ்வொரு ஆண்டும் சொல்பவர். மற்ற ஆண்டுகளில் வார்டில் நின்று சொன்னார்.

சுலேமா முதலில் அம்மாவைத்தான் கேட்டாள். ஒத்திலியா அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எண்பது பிள்ளைங்க முன்னாடி நான் சட்டையக் கழட்டணுமா?"

"கேமராவ அணைச்சிடறேம்மா."

"அணைச்சாலும் அது பாக்கும். எனக்குத் தெரியும்."

"ஒரே ஒரு தடவ."

"நீ டாக்டர் ஆகு. வேண்டாம்னா சொல்றேன்? அதுக்கு நான் எதுக்குத் துணியக் கழட்டணும்?"

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எவாரிஸ்தோ, தோர்த்தியா ரொட்டியால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் இருக்கேனே, டாக்டரம்மா. என்னைய யாரு பாக்கப் போறா? குரங்குன்னு நெனச்சுக்குவாங்க."

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். அக்கம்பக்கத்திலும் அதே பேச்சு. பல்வலி, சர்க்கரை, குழந்தைக்குப் பேதி என்று எதுவானாலும், டாக்டரம்மா இருக்கா, கேளுங்க என்பார். அவளுக்கு அப்போது எலும்புகளின் பெயர் மட்டும் தெரியும்.

எவாரிஸ்தோ காஸ் லாரியில் வேலை பார்த்தார். இருபத்தாறு வருடம். முப்பது கிலோ சிலிண்டரைத் தோளில் ஏற்றி மொட்டை மாடிவரை கொண்டுபோய் வைக்க வேண்டும். வலது தோளில் ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார். ஊர் அடங்கியதில் எல்லோருக்கும் வேலை போனது. அவருக்குக் கூடியது. வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் மூன்று வேளையும் சமைத்தார்கள்.

அதிகாலையில் போனால் இரண்டு மணிக்குச் சாப்பிட வருவார். நான்கு மணிக்குச் சமையலறை நாற்காலியில் சட்டையில்லாமல் உட்காருவார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களைப் பார்த்துக் கையாட்டுவார்.

"வணக்கம் டாக்டருங்களே. சாப்டீங்களா?"

சிலர் மைக்கைத் திறந்து பதில் சொன்னார்கள். சிலர் இதயப் படம் போட்டார்கள்.

மார்பில் நான்கு இடங்கள். சுலேமா ஸ்டெதஸ்கோப்பை வரிசையாக வைத்தாள். வலது பக்கம் மேலே, இரண்டாம் விலா எலும்புக்குக் கீழே, முதல் இடம். கேட்டாள். லப். பிறகு, துடைப்பத்தைத் தரையில் ஒரு தடவை இழுத்த மாதிரி ஒரு சத்தம். பிறகு டப். மறுபடியும் லப். மறுபடியும் துடைப்பம்.

கையை உயர்த்தினாள்.

"டாக்டர், நடுவுல ஒரு உரசல் கேக்குது."

டாக்டர் இபார்ரா திரைக்கு அருகில் வந்தார். அவருக்குத் தெரிந்தது முடி அடர்ந்த ஒரு மார்பு.

"முடி, பொண்ணே. ஸ்டெதஸ்கோப்புல முடி உரசினா அப்படித்தான் கேக்கும். நல்லா அழுத்தி வை. அடுத்து யாரு?"

அடுத்து நாற்பது பேர் இருந்தார்கள்.

வியாழக்கிழமை எவாரிஸ்தோ குளியலறையிலிருந்து வந்தபோது மார்பு வழவழவென்று இருந்தது. இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது. ஒத்திலியா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுலருந்து மீசைய எடு, மீசைய எடுன்னு சொல்றேன். எடுத்தியா? மகளுக்குன்னா மார்பையே செரைச்சுட்டு வர்ற."

"நீ டாக்டரா, கிழவி? டாக்டரம்மா சொன்னாங்க, செஞ்சேன்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் சுலேமா.

"அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னார்ல, முடின்னு. எனக்குக் காது இல்லையா?"

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். லப். துடைப்பம். டப்.

இப்போது முடி இல்லை. அப்படியானால் இது உரசல் இல்லை. அப்படியானால் இதயம் இப்படித்தான் பேசும். புத்தகத்தில் லப்-டப் என்று போட்டிருப்பது சுருக்கம். புத்தகத்துப் படத்தில் நரம்பு மஞ்சளாகவும் ரத்தக்குழாய் சிவப்பாகவும் இருப்பது போல. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்.

நார்மல்: லப் – வீச்சு – டப்.

அடிக்கோடு போட்டாள்.

"எப்படி இருக்கு, டாக்டரம்மா?"

"நார்மல்ப்பா."

"கேட்டியா, கிழவி? நார்மல்."

சரிபார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தன் மார்பைத் தானே கேட்டுப் பார்த்தாள். வீச்சு கேட்கவில்லை. கையை முறுக்கிக்கொண்டு, கழுத்தைக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால் என்ன கேட்கும் என்று நினைத்தாள். தன் கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினாள். உலகத்தில் அவளுக்குக் கிடைத்த மார்புகள் இரண்டு. அவற்றில் ஒன்றை நம்பினாள்.

அவளுடைய நண்பன் ரமீரோவுக்குக் குடும்பம் இல்லை. அதாவது, குடும்பம் ஒவாஹாகாவில் இருந்தது. இவன் கல்லூரிக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தான். அவன் தன் மார்பைக் கேட்டான். அது அலுத்ததும் வீட்டுக்காரம்மாளின் நாயைக் கேட்டான்.

"நாயி நார்மலா?" என்று சுலேமா போனில் கேட்டாள்.

"எங்கிட்ட காட்டுற வரைக்கும் நார்மலாத்தான் இருந்துச்சு. இப்ப என்னையப் பாத்தா கட்டிலுக்கு அடியில போயிடுது. நோயாளிங்களும் இப்படித்தான் ஓடுவாங்க பாரு. சமையல டி.வி.யில பாத்துட்டு ஹோட்டல் தொறக்கப் போறோம் நாம."

"எனக்கு இந்த வகுப்பு பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

அது உண்மை. அந்த செப்டம்பரில் கல்லூரி ஒரு படிவம் அனுப்பியது. இணையவழிக் கல்வி குறித்த மாணவர் மனப்பான்மை. இருபது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம். ரமீரோ எல்லாவற்றிலும் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்ற வட்டத்தை நிரப்பினான். சுலேமா நிதானமாகப் படித்து நிரப்பினாள். கல்லூரிக்குப் போகவர இரண்டு பஸ், இரண்டரை மணி நேரம். அது மிச்சம். புரியாத பாடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். வகுப்பில் எழுந்து நின்றால் அவள் குரல் நடுங்கும். திரையில் தட்டச்சு செய்தால் நடுங்காது. பதினேழாவது வாக்கியம்: 'நோயாளியைப் பரிசோதிக்கும் திறனை இணையவழி வகுப்பில் போதிய அளவு பெற முடிகிறது.' அவள் 'ஏற்கிறேன்' என்றாள். கீழே கருத்துக்கு ஓர் இடம் இருந்தது. என் அப்பா எனக்கு உதவுகிறார் என்று எழுதினாள்.

நவம்பரில் மர்மர் பாடம் வந்தது. இதயத்தின் வால்வு சுருங்கினாலோ சரியாக மூடாவிட்டாலோ ரத்தம் இரையும். அந்த இரைச்சலுக்கு மர்மர் என்று பெயர். டாக்டர் இபார்ரா ஒரு பதிவை ஓட்டினார். திரையில் அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பின்னணி இரைச்சலை நீக்குவதற்கென்று அந்தச் செயலியில் ஒரு ஏற்பாடு இருந்தது. குழந்தை அழுகை, மிக்ஸி, தெருவில் லாரி, எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். மர்மரையும் விழுங்கிவிட்டது.

"கேக்குதா?" என்றார்.

கேக்குது டாக்டர், என்று ஒருவன் தட்டச்சு செய்தான். கேக்குது டாக்டர். கேக்குது. தெளிவா கேக்குது. வரிசையாக வந்து விழுந்தன. சுலேமாவும் எழுதினாள். ரமீரோ மட்டும், எனக்கு எதுவும் கேக்கல டாக்டர், என்று எழுதினான். அதன் கீழே முப்பது 'கேக்குது' வந்து அதை மேலே தள்ளிவிட்டன.

"நல்லது. அடுத்த பக்கம்."

பிறகு அவளே தேடி, காதில் கருவி மாட்டி, வேறு பதிவுகளைக் கேட்டாள். மரமறுக்கும் ரம்பம் போலிருந்தது. கரகரவென்று, நெஞ்சைக் கிழிப்பது போல. நோயென்றால் அப்படி இருக்கும். அப்பாவுடையது அப்படி இல்லை. மெதுவாக, வாசல் கூட்டுகிற மாதிரி. அவள் நிம்மதியாகக் கருவியைக் கழற்றி வைத்தாள்.

டிசம்பரில் தேர்வு. ஆறு நிமிடக் காணொளி எடுத்து அனுப்ப வேண்டும். கை கழுவுதல், நோயாளியிடம் விளக்குதல், அனுமதி கேட்டல், நான்கு இடங்கள், வரிசை, ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு நேரம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். காணொளியில் அவள் கேட்பது கேட்காது. கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்.

"இதய ஒலிகள் நார்மல். கூடுதல் சத்தம் எதுவும் இல்லை."

பத்துக்குப் பத்து. எவாரிஸ்தோ அந்தக் காணொளியை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் அவர் சாப்பிட வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வாயால் மூச்சு வாங்கினார்.

"என்னப்பா?"

"இந்த எழவு மாஸ்க்கு. ஏழு மாடி ஏறிப் பாரு இதப் போட்டுக்கிட்டு. மீனைத் தரையில போட்ட மாதிரி இருக்கு."

"வயசாச்சுன்னு ஒத்துக்கமாட்ட" என்றாள் ஒத்திலியா உள்ளேயிருந்து.

"ஐம்பத்திரண்டு ஒரு வயசா?"

தொற்று இருக்குமோ என்று பரிசோதனை செய்தார்கள். இல்லை. மூன்று பேரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த நாளில் மூச்சு வாங்குவதற்கு ஒரு காரணம்தான் இருந்தது. அது இல்லையென்றால் எதுவும் இல்லை. சுலேமா நாடி பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம். எப்போதும்போல இருந்தது.

"நார்மல்ப்பா."

"பின்ன? மாஸ்க்குதான்."

அவர் மறுநாள் வேலைக்குப் போனார்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரி மாணவர்களை உள்ளே விட்டது. மூன்றாம் ஆண்டு பாதி முடிந்திருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆறு ஆறு பேராக நின்றார்கள். கோட்டில் மடிப்பு கலையவில்லை. பிரெண்டா என்ற பயிற்சி மருத்துவர் அவர்களை எலும்பு முறிவு வார்டுக்குக் கூட்டிப்போனாள்.

"நோய் இல்லாத நெஞ்சு வேணும்னா இங்கதான். எல்லாம் மோட்டார் சைக்கிள்ல விழுந்ததுங்க. ஆரம்பிங்க."

பதினாலாம் படுக்கையில் பத்தொன்பது வயதுப் பெண். கால் கட்டில் தொங்கியது. சுலேமா கை கழுவினாள். விளக்கினாள். அனுமதி கேட்டாள். முதல் இடத்தில் வைத்தாள்.

லப். டப்.

அழுத்தி வைத்தாள். லப். டப். நடுவில் ஒன்றும் இல்லை. கூட்டிப் பெருக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்ட அறை போல இருந்தது.

"என்ன கேக்குது?" என்றாள் பிரெண்டா.

"ஒரு சத்தம் கொறையுது டாக்டர்."

"எது?"

"நடுவுல வர்றது. வீச்சு."

பிரெண்டா அவளைப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து அந்தப் பெண்ணின் மார்பைக் கேட்டாள். நிமிர்ந்தாள்.

"இது நார்மல்மா. நடுவுல என்ன வரணும் உனக்கு? மெட்டா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். படுக்கையில் இருந்த பெண்ணும் சிரித்தாள். சுலேமா பதினைந்தாம் படுக்கைக்குப் போனாள். பதினாறுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ரமீரோ மட்டும் சிரிக்கவில்லை. கோட்டுப் பித்தானைக் கழற்றினான்.

"என் நெஞ்சக் கேளு."

கேட்டாள். லப். டப். சுத்தமாக இருந்தது. நாயைக் கேட்டுப் பழகியவனின் நெஞ்சு.

"சுலே" என்றான் அவன் மெதுவாக. "நீ இதுவரைக்கும் யாரக் கேட்ட?"

அவள் நடைபாதைக்கு ஓடினாள். மூன்றாவது மணியில் எவாரிஸ்தோ எடுத்தார். பின்னால் லாரியின் ஒலிபெருக்கி காஸ், காஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா. முதல் நாளே துரத்திட்டாங்களா?"

"எங்கப்பா இருக்கீங்க?"

"கீழ. ஒரு வீடுதான் பாக்கி. மூணாவது மாடி."

"ஏறாதீங்க."

"ஏன்?"

"தோள்ல இருக்கறதக் கீழ வைங்க. ஏறாதீங்கப்பா."

"அந்தம்மா பீன்ஸ் பாதி வெந்து நிக்குதுங்குது, கண்ணு."

"அப்பா."

போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"சரி. பையன் யாரையாவது ஏறச் சொல்றேன். நீ அழாத. உள்ள போ. முதல் நாள்ல அழுதா நல்லா இருக்காது."

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் அதே நாற்காலியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை இல்லை. திரை இல்லை. ஒத்திலியா சந்தைக்குப் போயிருந்தாள். சுலேமா வைத்தாள். லப். துடைப்பம். டப். கழுத்தில் வைத்தாள். அங்கேயும் கேட்டது. கழுத்துவரை ஏறியிருந்தது.

"எப்படி இருக்கு?"

அவள் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முடி, நோட்டு, அடிக்கோடு, பதினாலாம் படுக்கை.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பித்தானை மெதுவாக மாட்டினார்.

"முதல் நாளே உனக்குக் கேட்டுச்சுல்ல."

"ஆமா."

"அப்ப நீ தப்பாக் கேக்கல. சரியாத்தான் கேட்டிருக்க. அதுக்குப் பேரு தெரியல, அவ்வளவுதான்."

"அப்பா."

"உங்கம்மாட்ட சொல்லாத. அவ அந்தக் கண்ணாடிக்காரர் வீட்டத் தேடிப் போயிடுவா."

இதய மருத்துவரைப் பார்க்க ஆறு வாரம் ஆனது. கூட ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். சுலேமா போனாள். ஒத்திலியா வெளியே தெருவில் நின்றாள். மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வு, பிறவியிலேயே இரண்டு. சுண்ணாம்பு படிந்து, பென்சில் முனை அளவுக்கு ஓட்டை. ஐம்பது வருடம் தள்ளியதே பெரிது. அறுவை சிகிச்சை வேண்டும். ஆனால் இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்ட அறுவைகள் வரிசையில் நிற்கின்றன. ஆகஸ்ட் இரண்டாம் தேதிதான் கிடைத்தது.

"ஒன்றரை வருஷம் முன்னாடி வந்திருந்தா வரிசையில முன்ன நின்னிருப்பீங்க" என்றார் மருத்துவர். "இதுவரைக்கும் யாருமே உங்க நெஞ்சக் கேட்டதில்லையா?"

எவாரிஸ்தோ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"கேட்டிருக்காங்க டாக்டர். நிறைய."

பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அவர் தூக்கவில்லை. லாரியில் முன்னால் உட்கார்ந்து ரசீது எழுதினார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தோல் பட்டையை ஆணியில் மாட்டிவைத்தார்.

அந்த மாதங்களில் சுலேமா ஸ்டெதஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வருவாள். ஒரு தடவை எவாரிஸ்தோவே கேட்டார்.

"டாக்டரம்மாவுக்கு என் நெஞ்சு அலுத்துப்போச்சா?"

"இல்லப்பா. இப்ப நிறையப் பேரு கெடைக்கறாங்க."

"ஆமா, ஆமா. சின்னப் பசங்க."

ஜூன் பதினொன்றாம் தேதி மத்தியானம் ஊருக்கு அப்பால் இருந்த எரிமலை சாம்பல் தூவத் தொடங்கியது. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒத்திலியா கையில் மாவு. துணியெல்லாம் போச்சு என்று கத்தினாள். எவாரிஸ்தோ எழுந்து போனார். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் விழுந்தார். கையில் ஒன்றும் இல்லை. தோளிலும் இல்லை.

சுலேமா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் வந்தபோது துணி இன்னும் கொடியில் தொங்கியது, சாம்பல் நிறத்தில்.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னார்கள். லாரிக்காரர்கள் ஒவ்வொரு மாலையும் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். ஒன்பதாம் நாள் போகும்போது அவர்களில் ஒருவன், நீங்க பத்துக்குப் பத்து வாங்கின வீடியோ எங்கிட்ட இன்னும் இருக்கு டாக்டரம்மா, என்றான். அவள் தலையாட்டினாள்.

அந்த வாரம் கல்லூரியிலிருந்து படிவம் வந்தது. இணையவழிக் கல்வி குறித்த மாணவர் மனப்பான்மை, இரண்டாம் சுற்று. அதே இருபது வாக்கியம். சுலேமா சமையலறை மேசையில் கணினியை வைத்து நிரப்பினாள். பயண நேரம் மிச்சமானது: ஏற்கிறேன். பாடத்தைத் திரும்பப் பார்க்க முடிந்தது: முற்றிலும் ஏற்கிறேன். அதெல்லாம் இன்னும் உண்மைதான். பதினேழில் நின்றாள். ஐந்து வட்டத்தையும் பார்த்தாள்.

ஒத்திலியா எதிரில் வந்து நின்றாள்.

"அந்த வீடியோவப் போடு. நான் பாக்கணும் அவர."

"எது?"

"பத்துக்குப் பத்து."

"அப்புறம் பாக்கலாம்மா."

"இப்ப போடு."

போட்டாள். எவாரிஸ்தோ இதே சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மார்பு வழவழவென்று இருந்தது. கையாட்டினார். திரையில் இருந்த சுலேமா கை கழுவினாள், விளக்கினாள், அனுமதி கேட்டாள். "எடுத்துக்கங்க டாக்டரம்மா, உங்க சொத்துதான்" என்றார் அவர். ஒத்திலியா வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு இடங்கள். ஒவ்வோரிடத்திலும் நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் அவர் மூச்சுவிடாமல், தொந்தரவு செய்யாமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் சொன்னாள். இதய ஒலிகள் நார்மல். கூடுதல் சத்தம் எதுவும் இல்லை. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா, கிழவி?" என்றார். படம் நின்றது.

ஒத்திலியா கையை எடுத்தாள்.

"அப்பவே இருந்துச்சா?"

சுலேமாவுக்கு அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கம்மாட்ட சொல்லாத.

"இருந்துச்சும்மா."

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரியில வேற ஒருத்தங்களக் கேட்டேன். அவங்களுக்கு இல்ல."

"வேற ஒருத்தங்க" என்றாள் ஒத்திலியா.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையின் மேல் மாவு சிந்தியிருந்தது. அதை விரலால் ஓர் ஓரமாகச் சேர்த்தாள். நீண்ட நேரம் சேர்த்தாள்.

"அன்னைக்கு நீ என்னைத்தான முதல்ல கேட்ட."

"அம்மா."

"மிளகா வறுத்துட்டிருந்தேன். ஒரே ஒரு தடவன்னு சொன்ன. நான் உக்காந்திருந்தா, உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்காதும்மா. எனக்கு அப்ப ஒண்ணுமே தெரியாது."

"மூணு வருஷம் டாக்டருக்குப் படிச்சும் உனக்குப் பொய் சொல்லத் தெரியல."

மேசையில் கணினித் திரை தானாக இருண்டது.

ஒத்திலியா எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து, எவாரிஸ்தோ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புச் சட்டையின் முதல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றினாள்.

"அதக் கொண்டா."

"எதுக்கும்மா?"

"கொண்டாடி."

ஒன்பது நாள் விடுப்புக்காக அலமாரியைக் காலிசெய்தபோது எடுத்து வந்த ஸ்டெதஸ்கோப் பையில் இருந்தது. சுலேமா எடுத்தாள். அதன் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினாள். முதல் இடத்தில் வைத்தாள்.

லப். டப். வேகமாக இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. அவள் இரண்டாம் இடத்துக்குப் போனாள். மூன்றாவது. நான்காவது. எங்கும் சுத்தமாக இருந்தது. இந்தச் சத்தம் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. அடுப்படியில், பத்தடி தூரத்தில்.

ஒத்திலியா எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எத்தன தடவ கேக்கணும்னாரு உங்க வாத்தியாரு?"

"நூறு."

"கேளு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, முதுகை நேராக்கி உட்கார்ந்தாள்.